ஊசிகள் ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று

செயலியை முதலில் வாங்கியதுதான் பிழை.
பித்தானை வாங்கிக்கொண்டு
அதற்கேற்ற சட்டை தேடுகிறவளை
பிராஸ் பகுதித் தையற்கூடங்களில் ஒருத்தியும் மதிக்கமாட்டாள்.
ஆனாலும் அந்தச் சதுரம் மலிவாக வந்தது.
மூன்று வாரமாய் என் கைப்பையில்,
வெள்ளித்தாள் சுற்றி,
வீடில்லாமல்.

சனிக்கிழமை. சாந்தா இஃபிஜேனியாத் தெருவில்
தூறலா பனியா என்று முடிவெடுக்காத சாவோ பாவ்லோ வானம்.
பையில் முந்நூறு ரெயால்,
திரும்பிப் போக ரயில் சீட்டு தனியாக.

முதல் கடையில்
மதர்போர்டுக்கு விளக்கலங்காரம்.
சிவப்பு, நீலம், மறுபடி சிவப்பு.
விலைச் சீட்டைத் தலைகீழாய்ப் படிக்கிறேனோ என்று
தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.
"பன்னிரண்டு தவணை, சகோதரி."
தையல் எந்திரத்துக்கே இன்னும் ஏழு பாக்கி, தம்பி.

இரண்டாவது கடையில் நானூற்றுப் பத்து. புதிது.
ரேம் செருக இரண்டே இடம்.
மின்சாரத்தைச் சீராக்கும் சில்லுகளின் மேல்
வெப்பத்தகடு கிடையாது.
உள்துணி வைக்காத கோட்டு.
மாட்டி வைத்தால் தெரியாது,
போட்டுக்கொண்டால் தெரியும்.

எனக்கென்ன பெரிய தேவை?
வெட்டுப் படத்தைத் திரையில் விரித்து
கழுத்தை அரை சென்டிமீட்டர் இறக்கினால்
தோள் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும்.
வாடகைக் கணினியில் மணிக்கு ஐந்து ரெயால்.
தோள் வந்து சேருமுன்
மணி முடிந்துவிடுகிறது.

மாடிப்படிக்கு அடியில் ஓஸ்மாரினோவின் கடை,
கடை என்று சொன்னால் கடை.
பழைய பலகைகளைத் தட்டுகள்போல் நிறுத்தியிருந்தார்.
நான்கு ரேம் இடம் உள்ள ஒன்றை உருவினார்.
இருநூற்று எண்பது.
மூடியைத் திறக்கச் சொன்னேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தார்.

உள்ளே ஆயிரத்து நூற்று ஐம்பத்தொரு ஊசிகள்,
கேட்டுத் தெரிந்துகொண்ட கணக்கு, எண்ணியதில்லை.
வெளிச்சத்தில் சாய்த்தால்
ஒரே பக்கம் வாரிய பொன்மயிர்.
ஓரத்தில் ஒன்று மட்டும் வேறு பக்கம் பார்த்தது.

"வளைந்திருக்கிறது" என்றேன்.
"அதனால்தான் இருநூற்று எண்பது" என்றார்.
"வளைந்திருப்பதை நீங்கள் சொல்லவில்லை, அதனால் இருநூறு."
சிரித்தார். இருநூற்று இருபதில் நின்றோம்.
நிமிர்த்தித் தர நாற்பது என்று அவர் தொடங்கும்போதே
என் சட்டைக் காலரிலிருந்து
எட்டாம் எண் ஊசியை எடுத்துவிட்டேன்.

மூச்சை விட்டால் தப்பு.
பதினாறு வருடமாய்
சீக்வின் தைத்த கை இது.
ஒரு முறை தொட்டேன். இன்னொரு முறை.
ஓஸ்மாரினோ தன் காப்பியைக் குடிக்க மறந்திருந்தார்.

அன்றிரவே எரிந்தது.
ஒரே ஒரு பீப்.
இவொனெச்சியும் நானும் கைதட்டினோம்,
மேல்வீட்டுக்காரர் தரையை உதைத்தார்.

திங்கள் விடியலில்
யாரோ அறைக்குள் மூச்சுவிட்டார்கள்.
"திருடன்!" என்று இவொனெச்சி செருப்பை எடுத்தாள்.
மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.
திரை வெளிச்சத்தில் கடிகாரம் பார்த்தேன்:
நான்கு நாற்பது.

அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன்.
தானாக எழுப்பு: ஆம்.
நாள்: தினமும்.
இதற்கு முன் இதை வைத்திருந்தவர்
நான்கு நாற்பதுக்கு எதற்கு எழுந்தார்?
மாவு பிசையவா, தூரதேசத்துப் பிள்ளையோடு பேசவா,
தூக்கமே வராதவரா?
பலகையில் அதற்கு விடை இல்லை.

அந்தச் சின்னக் காசு பேட்டரியைக் கழற்றினால்
எல்லாம் மறந்துவிடும் என்றார் ஓஸ்மாரினோ போனில்.

கழற்றவில்லை.
நான் எழுவது ஐந்தே காலுக்கு.
நேரத்தை மட்டும் மாற்றினேன்.
பிறர் அளவுக்குத் தைத்ததைப் பிரித்து
இடுப்பில் பிடித்துக்கொள்வது புதிதில்லையே.
பழைய நூலோட்டைகள் இருக்கத்தான் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமையை விலக்க
வெகுநேரம் வழி தேடினேன்.
அந்தப் பட்டியலில் இருப்பது இரண்டுதான்:
தினமும்.
ஒருபோதும் இல்லை.