அஷ்டமி முகாம்

சின்ன ஏர்வாடி துணை சுகாதார நிலையத்தில்
செவ்வாய்தோறும் சர்க்கரை பார்ப்போம்.
வராதவர் பெயருக்கு நேரே
தவறியவர் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள்,
சிவப்பு மையில்.
மூன்று வருஷம் எழுதினேன்.
என் கையெழுத்து அழகாக இருக்கும்.

நம்புத்தாய், ஐம்பத்திரண்டு, தவறியவர்.
பூரணவல்லி, நாற்பத்தாறு, தவறியவர்.
சீனியம்மா, வயது தெரியாது, தவறியவர்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் இன்னொரு அர்த்தம் உண்டு.
பங்குனியில் சீனியம்மா அப்படியும் தவறினாள்.
ரெஜிஸ்டரில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அடுத்த செவ்வாய் மத்தியானம்
கரைக்கே போய் நின்றேன்,
குளுக்கோமீட்டரை முந்தானையில் பொதிந்துகொண்டு.
வள்ளம் வள்ளமாக வந்து இறங்கினார்கள்,
நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
இடுப்புப் பையில் மரிக்கொழுந்துப் பாசி சொட்ட.
கையை நீட்டச் சொன்னால்
பத்து விரலிலும் துணிச் சுற்று.
பிரித்தால் பாறை அறுத்த கோடுகள்.
எதில் குத்த?
"இந்தா, இதில தானா வருது, தொட்டு எடுத்துக்க"
என்றாள் நம்புத்தாய்.
உப்புத்தண்ணி கலந்த ரத்தத்தை
மெஷின் பிழை என்றது.
நல்ல தண்ணி ஊற்றிக் கழுவி மறுபடி குத்தினேன்.
முந்நூற்று எண்பது.

காலையும் பார்த்தேன்.
சுண்டுவிரல் அடியில் சிப்பி ஓட்டுத் துண்டு ஒன்று
அவளுக்குத் தெரியாமல் குடியிருந்தது.
"வலிக்கலையே" என்றாள்,
ஏதோ நல்ல சேதி மாதிரி.

ஐப்பசியில்
விரலை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தாள்.
பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்கு, துணைக்கு நின்ற மகனின் கூலிக்கு
பாசி வியாபாரியிடம் பதினோராயிரம் முன்பணம்.

ஏன் செவ்வாய்க்கு வரவில்லை என்று
அப்போதுதான் கேட்டேன்.

"அமாவாசைய ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள்.
வத்தம் எங்களுக்கு மாசத்துல அவ்வளவுதான்.
அதுல உன் செவ்வாய் விழுந்தா நான் என்ன செய்ய?
மத்த செவ்வாய்க்கு வந்தா
சகுபர் அண்ணன் மாத்திரை இல்லைங்குது."

சகுபர் பொய் சொல்வதில்லை.
மூன்றாம் வாரம் அந்தத் தட்டில் பல்லிதான் இருக்கும்.
காய்ச்சலுக்கு உண்டு, கழிச்சலுக்கு உண்டு.
நாளைக்கும் நாளை மறுநாளைக்கும்
சாகிற வரைக்கும் வேண்டியதற்கு
மாவட்டத்திலிருந்து வண்டி வர வேண்டும்.
கட்டக்கோரைப் பாசி லாரி ஏறிப் போய்
மாத்திரையைச் சேர்த்துப் பிடிக்கிற பசையாகுமாம்,
வாங்க வந்த மதுரைக்காரர் சொன்னார்.
போகிற பாதையில் பிரச்சினை ஒன்றும் இல்லை.

டாக்டர் ஆசியாவின் மேசையில் காலண்டரை விரித்தேன்.
செவ்வாயை எடுங்கள், அஷ்டமியை வையுங்கள்.
அன்றைக்கு நீர் அவ்வளவாக வற்றாது,
தீவுப் பக்கம் ஒருத்தி போகமாட்டாள்.
முப்பது நாள் மாத்திரையை அறுபதாகக் கொடுங்கள்.
"காரணம் என்னன்னு எழுத?"
"சந்திரன்னு எழுதுங்க, மேடம்."
அவர் சிரிக்கவில்லை. எழுதினார்.
இரண்டு கடிதம் திரும்பி வந்தது.
மூன்றாவதுக்குப் பதில் இல்லை.
பதில் இல்லாததை அனுமதி என்று வாசித்தோம்.

அஷ்டமியில் நல்ல காரியம் எதையும்
தொடங்காத ஊர்.
முதல் தடவை நாலு பேர்.
அடுத்து பதினேழு.
அதற்கடுத்து மழை, இரண்டே பேர்,
அதில் ஒருத்தி குடை கேட்டு வந்தவள்.
தட்டு காலியாவதற்குப் பத்து நாள் முன்பே
சகுபர் இப்போது எழுதிக் கேட்கிறார்.
சில மாதம் வருகிறது.

நம்புத்தாய் வருகிறாள்,
விரல் இருந்த இடத்தில் துணியை மடித்துச்
செருப்புக்குள் அடைத்துக்கொண்டு.
இருநூற்றுப் பத்து.
"நல்லாயிருக்கா?" என்கிறாள்.
நல்லாயில்லை.
முந்நூற்று எண்பதும் இல்லை.

பழைய பக்கங்களில் சிவப்பு மை அப்படியே கிடக்கிறது.
அடிக்கக் கூடாது, தணிக்கைக்கு வேண்டும்.
ஓரத்தில் பென்சிலால்,
ஒவ்வொரு செவ்வாய்க்கும் நேரே,
அன்றைக்கு வத்தம் எத்தனை மணிக்கு என்று
பஞ்சாங்கம் பார்த்து, அவர்களைக் கேட்டு,
எழுதிக்கொண்டு வருகிறேன்.
சீனியம்மாவின் பக்கம்
இன்னும் முடியவில்லை.