குறைவு

இன்று காலை ஓகார்ட் எண்ணை மறுபடி மாற்றச் சொன்னார்.
ஆயிரம் மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றிருந்ததை
அறுநூறு ஆக்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை.
இப்போது இருநூற்றைம்பது.
மூன்று இலக்கம், மூன்று தட்டு,
அழிந்துவிட்டது.

டுலூத்தில் ஏரி இன்னும் உருகவில்லை.
என் ஜன்னலுக்கு வெளியே
முப்பத்திநாலு இருக்கை விமானம்
மூக்கில் உறை மாட்டி நான்காம் நாளாக நிற்கிறது.
எஞ்சினில் பழுதில்லை. எரிபொருள் உண்டு.
இடது இருக்கைக்கு ஆள் இருக்கிறார்.
வலது இருக்கைக்குத்தான் இல்லை.
தீஃப் ரிவர் ஃபால்ஸ் போகவேண்டிய பல் மருத்துவர்
எங்களைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனார்.

பெரிய கம்பெனிகள் எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போக,
நாங்கள் பறக்கும் பள்ளிகளின் வாசலில்
கையில் படிவத்தோடு நிற்கிறோம்.

நேற்று வந்தவன் ட்ரெவர் ஸ்டாக்கி.
புதுச் சட்டை. காலரில் குண்டூசி ஒன்றை எடுக்க மறந்திருந்தான்.
இருநூற்று ஐம்பத்து மூன்று மணி.
"இதில் மேகத்துக்குள் எவ்வளவு?"
"நாலு மணி."
"நிஜ மேகமா?"
கொஞ்சம் யோசித்தான். "இரண்டு."
பொய் சொல்லியிருந்தால்
என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"திருப்பி அனுப்பினோமே, அந்தப் பழைய மனுக்கள்?
எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடு" என்றார் ஓகார்ட்.

கீழ் இழுப்பறை. நாற்பத்தொரு கோப்பு.
எல்லாவற்றின் மேலும் என் கையெழுத்தில் சிவப்பு மையில்
குறைவு
குறைவு
குறைவு

வெஸ்லி ப்யூக்கெமா பெமிட்ஜியில் டயர் கடை வைத்திருக்கிறான்.
திருகு கழற்றும் இரைச்சலுக்கு மேலே கத்தினான்:
"இப்போ என் உயரம் இரண்டடி மேடம்,
ஜாக்கி தூக்குற அளவு."
சம்பளம் கேட்டான். சொன்னேன்.
சிரித்து முடித்துவிட்டு,
உங்கள் காருக்குக் குளிர்கால டயர் வேண்டுமா என்றான்.

அடுத்த எண் உபயோகத்தில் இல்லை.
அதற்கடுத்தது, ரெய்னோ லாக்சோ.
தொள்ளாயிரத்து எண்பத்தொன்று.
'இன்னும் பத்தொன்பது மணி சேர்த்துக்கொண்டு வாருங்கள்'
என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு
வரைந்திருக்கிறேன்.

எடுத்தது அவன் மனைவி.
"ரெய்னோ போய் மூணு வருஷமாச்சே."
"எந்தக் கம்பெனிக்கு?"
கேட்டுவிட்டேன்.

துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுவது கேட்டது.
"க்ரூக்ஸ்டன் பக்கம், பீட் வயல்ல மருந்து தெளிக்கிற வேலை.
மணி சேர்க்கணும்னு போனார்.
மின்கம்பி கண்ணுக்குத் தெரியலை.
பதினோரு மணி சேர்ந்திருந்தது."

நான் சொல்லிக்கொண்டிருந்த எதுவும்
வார்த்தையாக இருந்ததா என்று தெரியவில்லை.

"இப்போ எவ்வளவு கேக்கறீங்க?"
"விதிகள் கொஞ்சம்..."
"எவ்வளவு?"
சொன்னேன்.
அவள் கணக்குப் போட்டாள் போலும்.
"அப்படின்னா
கிட்டத்தட்ட நாலு பைலட்டு" என்றாள்.
இயந்திரம் நின்றது.
துணி எடுக்கணும் என்று வைத்துவிட்டாள்.

மீதி முப்பத்தெட்டையும் அன்று கூப்பிடவில்லை.
ட்ரெவரின் நியமனக் கடிதத்தைத் தட்டி,
பெயரில் ஒரு எழுத்து தப்பி,
மறுபடி தட்டி,
ஓகார்டின் மேசையில் வைத்தேன்.
அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மே மாத இறுதியில்
மூக்கின் உறையைக் கழற்றினார்கள்.
பல் மருத்துவர் மூன்றாம் வரிசையில்.
வலது ஜன்னலில் ட்ரெவர்,
என்னைப் பார்த்துக் கை உயர்த்தினான்,
நானும் உயர்த்தினேன்.
அன்று ஏரியின் மேல் தாழ்வாக, சாம்பல் நிறத்தில்
கூரை மாதிரி ஒன்று கிடந்தது.
சக்கரங்கள் மடங்குவது தெரிந்தது.
அப்புறம் வால் விளக்கு.
அப்புறம் அதுவும் இல்லை.

நிஜ மேகம்.
நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன்,
அவன் நோட்டுக்கு
ஒவ்வொரு நிமிடமாக ஏற்றிக்கொண்டு.