ஏலாது

திருகோணமலை நீதிமன்றுக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடையின் மாடியில் என் மேசை.
புனிதமலர் பையைத் திறக்கிறாள்.
பொலித்தீனுக்குள் இன்னொரு பொலித்தீன்,
அதற்குள் வூப்பர்ற்றால் கோர்ட்டின்
நாலு பக்க ஜேர்மன்.

அண்ணன் கோணேசலிங்கம் அனுப்பிய
அற்றோணித் தத்துவத்தை நம்பி
உப்புவெளிக் காணிக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டாள்.
நொத்தாரிசு இதை இங்கிலிசில் கேட்கிறாராம்.

மூன்றாம் பக்கத்தில் அந்தச் சொல்:
கெஷெஃப்ட்ஸ்உன்ஃபேயிக்.
கூட்ஸ் வண்டி மாதிரி நீளம்.
நடுவில் 'உன்' என்று ஒரு பெட்டி,
அதைக் கழற்றிவிட்டால்
மனிதர் முழுசாக ஓடுவார்.
கெஷெஃப்ட் என்றால் கொடுக்கல் வாங்கல்,
தெருவில் கேட்டால் கடை.
டோட்முண்டில் பதினொரு வருஷம்
பாண் விற்றவள் நான், தெரியும்.
ஃபேயிக் என்றால் ஏலும்.

இங்கிலிசில் அது கப்பாசிற்றி ஆகிவிடுகிறது.
கூரையில் இருக்கும் தாங்கியிலும் அதுதான் எழுதியிருக்கிறது,
ஆயிரம் லீற்றர்.
கந்தளாய் பஸ்ஸிலும், ஐம்பத்துநாலு பேர்.
அண்ணனை எதனால் அளந்து
குறைகிறது என்பது?

"ஏலாது எண்டோ போட்டிருக்கு?"

எங்கள் பக்கம் ஏலாது என்றால்
காய்ச்சல், முழங்கால்,
இரண்டு நாள் படுத்தெழும்பினால் ஏலும்.
இது திகதி போட்ட ஏலாது.
மார்ச்சிலிருந்து, என்கிறார் டொக்டர்.
அண்ணன் ஒப்பம் வைத்தது ஜூனில்.

"கொஞ்சம் சின்னச் சொல் ஒண்டு இல்லையோ?"

இருக்கிறது.
ஏழு வயதுக்கும் பதினெட்டுக்கும் இடையில்
பிள்ளை செய்த ஒப்பந்தம்
செல்லுமென்றும் இல்லாமல் செல்லாதென்றும் இல்லாமல்
அந்தரத்தில் மிதக்கும்,
தாய் தகப்பன் தலையாட்டும் வரை.
அண்ணனுக்கு அறுபத்தொன்று.
அவருக்கு அந்தச் சட்டம் விட்டுவைத்தது
காலைப் பாண், ஒரு பால் பெட்டி:
காசு கொடுத்து வாங்கியாயிற்றென்றால்
அது மட்டும் செல்லும்.

"ஞாயிறு போனெடுத்தா
பாரை என்ன விலை எண்டுதான் முதல் கேப்பார்.
சொன்னால் சண்டை.
எண்பத்தாறாம் ஆண்டு விலைக்கு
நான் இறங்கி வந்தாத்தான் போனை வைப்பார்."

அடிக்குறிப்பு ஒன்று தொடங்கினேன்,
மொழிபெயர்ப்பாளர் குறிப்பு, முக்காற்புள்ளி.
அழித்தேன்.
நான் சத்தியம் செய்தது
தாளில் இருப்பதற்கு மட்டும்.

முத்திரை குத்தினேன்.
நாலு பக்கம், ஆறாயிரம்.
"ஐயாயிரம் போடுங்கோ அக்கா."
கீழே றோட்டில் ஒரு மான்
எவரோ எறிந்த கொப்பியை
மார்ஜினிலிருந்து தின்றுகொண்டு நின்றது.
ஐயாயிரத்து ஐந்நூறு என்றேன்.