ஆண்பால் ஆறு

கடலில் போய்ச் சேர்வது ஃப்ளூவ். ஆண்பால்.
வேறோர் ஆற்றில் கலப்பது ரிவியேர். பெண்பால்.
மதாம் பலகையில் இரண்டு நீலக்கோடு இழுத்து
"காவிரி எது?" என்றதும்
வகுப்பில் மின்விசிறி மட்டும் பேசியது.

கடைசி பெஞ்சிலிருந்து பரிமளகாந்தன் எழுந்தான்.
மேலையூர்க்காரன்.
"எந்த மாசத்துல, மதாம்?"
சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.
போன வருடம் அவர்கள் வாய்க்காலில்
ஒன்பது நாள்தான் தண்ணீர்.

நான் படிப்பது ஐரோப்பிய மொழி, பண்பாடு, வணிகம்.
ஒரே மூச்சில் சொல்லி முடித்தால்
பேருந்தில் பக்கத்து சீட்டு அக்கா கேட்கிறாள்:
"நர்சிங் கிடைக்கலியா?"
நாகூரில் ஏழு நாற்பதுக்கு ஏறி
வாஞ்சூர் செக்போஸ்ட் தாண்டினால்
மதுக்கடை, மலிவு பெட்ரோல்,
அப்புறம் காரைக்கால், அப்புறம்
வினைச்சொல் பட்டியல்.

முதல் பாடமே எழுதியதை எல்லாம் சொல்லக் கூடாது என்பது.
சொல்லின் வாலைக் கிள்ளிவிட வேண்டும்.
அம்மா தலையைக் கிள்ளுகிறாள்,
ஐஸ் தண்ணீரில் விரைத்த விரலால்,
கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய்.
உரித்த இறால் மார்செய்க்குப் போகும்.
மார்செய் என்று சரியாகச் சொல்ல
எனக்கு ஒரு பருவம் ஆயிற்று.
இறாலுக்கு இருபத்திரண்டு நாள்.

பிரிஜித்தின் தாத்தா சொல்தா.
வியட்நாமில் சுட்டாரோ, சுடாமல் திரும்பினாரோ,
யூரோவில் பென்ஷன் வந்தது.
அவள் பாஸ்போர்ட் மெரூன் நிறம்.
பிரெஞ்சில் அவள் மார்க் இருபத்திரண்டு.
என்னுடையது எண்பத்தொன்று.
என் பாஸ்போர்ட்டுக்கு
இன்னும் போலீஸ் விசாரிக்க வரவில்லை.
மறுதேர்வுக்கு நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்,
ஒரு மணிக்கு ஒரு முட்டை பப்ஸ்.

தாள் நான்கு, வணிகக் கடிதம்.
'வேண்டும்' என்று எழுதாதே.
'வேண்டியிருக்கக்கூடுமானால்' என்று எழுது.
பணம் தராதவனுக்கும் முடிவில்
'எங்கள் மேலான உணர்வுகளை ஏற்றருள்க.'
எந்த உணர்வு மதாம் என்றேன்.
உணர்வு இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் என்றார்.

ஐப்பசி மழையில் ஒரு நாள்
கம்பெனி மேனேஜர் ஆள் அனுப்பினார்:
"செண்பகவல்லி பொண்ணு பிரெஞ்சு படிக்குதாமே?"
மார்செயிலிருந்து மெயில்.
உரிக்கும் கொட்டகையில் இருபத்தாறு பெண்கள்
கையுறையைக் கழற்றாமல் நின்றார்கள்.
தெரிவிக்க நேர்ந்ததற்கு வருந்தக்கூடும் என்று ஆரம்பித்து
பதினோரு வரி, ஒன்றில்கூடக் குரல் உயரவில்லை.
நான் தமிழில் சொன்னது இவ்வளவுதான்:
"இறால்ல மருந்து இருக்காம். கன்டெய்னர் திரும்பி வருது."

"அப்ப கூலி?" என்றாள் அம்மா,
வீட்டில் கேட்காத ஒரு குரலில்.
கடிதத்தை இன்னொரு முறை பார்த்தேன்.
கூலி என்ற சொல் அதில் இல்லை.
மேலான உணர்வுகள் இருந்தன.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பதிலையும் நானே எழுதினேன்.
நிபந்தனை வினை ஒன்றுகூடப் பிசகவில்லை.
மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு
எனக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்.
இருபத்தெட்டு கிலோ என்று
கை தானாகக் கணக்குப் போட்டது.
இருபத்தேழு முக்கால், சரியாகச் சொன்னால்.

பருவத் தேர்வில் அதே கேள்வி, பத்து மார்க்.
காவிரி சேர்வதைவிடப் பிரிவதே அதிகம் என்று எழுதினேன்.
குடமுருட்டி, வீரசோழன், எங்கள் அரசலாறு,
அப்புறம் வாய்க்கால், வாய்க்காலுக்கு வாய்க்கால்,
கடைசியில் யாரோ ஒருவரின் வரப்போரம்.
கடலுக்கும் போகாமல் ஆற்றிலும் கலக்காமல்
சோற்றில் முடிகிற தண்ணீருக்கு
இந்த இரண்டு சொல்லும் போதாது.

மதாம் ஒன்பதரை போட்டிருந்தார்.
ஃப்ளூவ் என்று ஆரம்பித்துவிட்டு
அடுத்த வரியிலேயே 'அவள்' என்று எழுதியிருக்கிறேன்.
சிவப்பு வட்டம். பக்கத்தில், 'அவன்'.

இலக்கணப்படி அவர் சொல்வது சரி.