சாவி வைத்திருந்த பேய்

சாவி என்னட்ட இருந்ததால
பேய் வேசமும் எனக்கே வந்தது.
டச்பார் றோட்டில பாஸ்டியன் வீடு.
மாசம் ஒருக்கா திறந்து கூட்டி
மெல்போர்னுக்கு நாலு போட்டோ அனுப்புறது என்ட வேலை:
கேற், முத்தம், கூரை, கிணறு.
உள் அறையை ஒருநாளும் கேட்டதில்ல.

நெவில் அலோசியஸ் கொழும்பில இருந்து வந்தார்.
தொண்ணூறு நிமிசப் படம், நத்தாருக்கு டிவியில.
"குடும்பத்தோட பாக்கிற பேய் வேணும், பேரின்பம்.
ரத்தம் இல்ல, அலறல் இல்ல.
சோறு திங்கிற புள்ளைக்கு விக்கக் கூடாது."
மீன் பாடுற சத்தமும் வேணாமாம்.
மட்டக்களப்பெண்டா எல்லாரும் அதைத்தான் போடுறாங்களாம்.

முதல் நாள் ஒட்டறை அடிச்சம்.
நடிக்க வந்த பொடியனுக்குத் தூசி ஒத்துவராது.
ரெண்டாம் நாள்
பஞ்சைப் பிச்சுப் பிச்சு
சிலந்தி வலை கட்டினம்.
பஞ்சு வலைக்குக் கூலி மூவாயிரம்.
உண்மை வலையைக் கூட்டினதுக்கு ஆயிரத்து இருநூறு.

மறுகா சுவர்.
கடல் வந்து நிண்ட கோடு
என்ட நெஞ்சுக்கு மேல, கழுத்துக்குக் கீழ,
வீடு முழுக்க ஒரே மட்டம்,
மேசன் நூல் பிடிச்ச மாதிரி.
"இது என்ன, ஈரமா?" எண்டார் கமராக்காரர்.
ஓம் எண்டன்.
அதுக்கு மேல ஒரு பெயின்ற்,
அந்தப் பெயின்ற்றைப் பழசாக்க இன்னொரு பெயின்ற்.

காத்தான்குடி பரீனா முகத்துக்கு மாப் பூசேக்க
கேட்டன்: நான் எப்படிச் செத்தனான்?
அவட கை அப்படியே நிண்டு போச்சு.
நெவில் அலோசியஸ் கதைக் கொப்பியைப் புரட்டினார்.
"அது தேவையில்ல.
இது செத்த பேய் இல்ல, சும்மா பேய்.
கணக்குச் சொல்லிக் குடுக்கும், கேக் களவெடுக்கும்,
கடைசியில புள்ளைகளோட ஒரு செல்ஃபி."

சின்ன அறையில
கோட்டுக்கு நாலு விரல் மேல
மஞ்சள் கிறேயோனில ஒரு மீன்.
அதுக்குக் கால் இருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது.
கட்டில்ல ஏறி நிண்டு கீறினதா இருக்கணும்.
"ஆர்ட் டிப்பாட்மென்ட் பின்னிட்டீங்க!" எண்டு
கைதட்டினார் நெவில் அலோசியஸ்.
ஆர்ட் டிப்பாட்மென்ட் எண்டா
நானும் ஒரு பொடியனும்.
ரெண்டு பேரும் ஒண்டும் சொல்லல்ல.

படம் நத்தார் ராத்திரி போச்சு.
என்ட மகள் கிதுஷி ஒரு இடத்திலயும் பயப்படல்ல.
"அது அப்பாட பெருவிரல்,
சைக்கிள் செயின் வெட்டின தழும்பு தெரியுது."
விடியப் பாணுக்குப் போனா
"பேயண்ணன், ரெண்டு றாத்தலா?"

அண்டைக்கே மெல்போர்னில இருந்து கோல்.
மிஸிஸ் பாஸ்டியன் பேயைப் பத்தி ஒண்டும் கேக்கல்ல.
நாப்பத்தோராவது நிமிசம், எண்டா.
நிப்பாட்டி வெச்சுப் பாத்தாவாம்.
மறுகா கன நேரம் சத்தமில்ல.
"இன்னும் மஞ்சள்தானே, பேரின்பம்?"

ஒப்பந்தத்தில பதினோராவது பந்தி:
படம் முடிய வீட்டை வெள்ளையடிச்சுக் குடுக்கணும்.
அடிச்சது நான்.
ரெண்டு கோட்டிங்.
கூலி வாங்கிக் கையெழுத்தும் வெச்சிருக்கன்.

ஓம் மிஸிஸ், மஞ்சள்தான்.

ராத்திரி பத்தரைக்குச் சாவியோட போனன்.
போன் டோர்ச்சை ஜன்னல் கட்டையில சாத்திவெச்சு
சோத்துக் கரண்டிட முனையால சுரண்டினன்.
வெள்ளை உதிர்ந்து
தலையில, இமையில, சேட்டுக்குள்ள.
வேலிக்கு அங்கால ஒரு பொடியன்ட குரல்:
"அம்மா, படத்தில வந்த பேய் இன்னும் போகல்ல!"
ஒருத்தரும் சிரிக்கல்ல.
கதவொண்டு சாத்துற சத்தம். ஒரு நாய்.

மூச்சடக்கி நிண்டன்.
மறுகா, மெல்லமா, இன்னும் கொஞ்சம்.
நகத்தளவு மஞ்சள்.
காலா, கண்ணாடியா, தெரியல்ல.