சாக்கு நீங்கலாக

மூட்டைக்கு நாற்பது கிலோ.
சாக்குக்கு ஐந்நூற்று எண்பது கிராம் தனி.
குறுவை அறுப்பு தொடங்கியதிலிருந்து
இந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன்
கோட்டூர் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில்.
தகரக் கொட்டகை, நெல் தூசி,
மின்னணுத் தராசு ஒன்று.

காலையில் சாப்பிடுவதில்லை.
ஏழேகால் பஸ் ஒரு சாக்கு.
மதியமும் இல்லை.
டோக்கன் வரிசை ஒரு சாக்கு.
உண்மை வேறு:
நாத்தனார் மகள் கல்யாண ஆல்பம் ஆடியில் வந்தது.
மூன்றாம் பக்கத்தில் ஒரு முதுகு.
யாரென்று தெரியவில்லை,
புடவை மட்டும் என்னுடையது.

முதல் வாரம்
வயிற்றில் ஒரு வெற்றி இருந்தது.
பதினோரு மணிக்கு எரியும்.
பன்னிரண்டுக்கு அடங்கும்,
அடங்கியதாக நானே வரவு வைத்துக்கொள்வேன்.
ஒன்றரைக்கு மனிதர்களைப் பிடிக்காமல் போகும்.
ஈரம் பதினேழைத் தாண்டிய நெல்லோடு நின்ற
பாமணிக்காரரிடம் ஒருநாள் கத்தினேன்.
அவர் மேகத்தைப் பார்த்தார்.

மூன்றரைக்கு வாழைக்காய் பஜ்ஜி இரண்டு.
தினத்தாளில் எண்ணெயை ஒற்றிவிட்டால்
கணக்கில் வராது.
இரவு ஒன்பதரைக்கு
அடுக்களை விளக்கைக்கூடப் போடாமல்
பிள்ளைகள் வைத்த மிச்சம்,
சட்டியில் ஒட்டிய குழம்பு,
அதைத் துடைத்தெடுக்கச் சோறு,
அந்தச் சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு.
நின்றுகொண்டு தின்றால்
அது சாப்பாடு இல்லை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம்
லோடுமேன்கள் கைகால் கழுவப் போன நேரம்
செருப்பைக் கழற்றிவிட்டுத்
தராசில் ஏறினேன்.
எழுபத்தொன்று நானூறு.
ஆடியில், மன்னார்குடி பஸ் ஸ்டாண்ட் மிஷினில்
அறுபத்தொன்பது.
இறங்கி மறுபடி ஏறினேன்.
வளையலைக் கழற்றி வைத்து ஏறினேன்.
தராசுக்கு முத்திரை போட்டு
இன்னும் வருஷம் ஆகவில்லை.
அதைக் குறைசொல்ல வழியில்லை.

மறுநாள் நூற்றுப் பன்னிரண்டாம் மூட்டையில்
எண்கள் நகர்ந்தன.
கண் விழித்தபோது நெல் குவியலில் கிடந்தேன்.
கழுத்தெல்லாம் சுணை.
மரியசெல்வம் டீக்கடையைப் பார்த்துக்
கத்திக்கொண்டிருந்தான்:
"சர்க்கரை தூக்கலாப் போடு!"
பிறகு என்னிடம்,
"தூக்குற நாங்களே நிக்கிறோம்,
எழுதுற உங்களுக்கு என்னக்கா?"

சுகாதார நிலையத்தில்
பர்வீன் சிஸ்டர் விரலில் குத்தினார்.
ரத்தம் எட்டரை.
"காலைல என்ன சாப்பிட்டீங்க?"
"பஸ்சு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"பகல் பசி சும்மா போகாது,
ராத்திரி வட்டியோட வாங்கும்" என்றார்,
மாத்திரையை எண்ணிக்கொண்டே.

திரும்பும்போது வாய்க்கால் வறண்டு கிடந்தது.
எங்கள் வயல் கடைமடை.
மேட்டூரில் திறந்தாலும்
எங்களுக்கு எப்போது என்று சொல்ல ஆளில்லை.
அதனால் வருகிற அன்று
வரப்பை உயர்த்தி, மடையை அடைத்து,
தேவையோ இல்லையோ
தேக்கிக்கொள்வார் என் வீட்டுக்காரர்.
வேர் அழுகினாலும் திறக்க மனசு வராது.
நாளைக்கு வருமா?
பயந்த நிலத்தின் புத்தி அது.
என் உடம்பும் அப்படித்தான்
அடைத்துக்கொண்டதோ
ஒன்பதரை மணி வெள்ளத்தை.
சிஸ்டர் இப்படிச் சொல்லவில்லை.
எனக்கு இப்படித்தான் புரிகிறது.

இப்போது காலையில் ஒரு டம்ளர் கஞ்சி,
பஸ்சுக்கு முன்னால்.
மதியம் ஒன்றானால் தராசை நிறுத்துகிறேன்.
சோறு, கீரை, சில நாள் ஒரு முட்டை,
மூட்டை மேல் உட்கார்ந்து.
தூசி விழத்தான் செய்கிறது.
எடை குறைந்ததா என்று கேட்காதீர்கள்,
இன்னும் ஏறிப் பார்க்கவில்லை.
ராத்திரி அடுக்களைக்குப் போகிற கால்
சில நாள் இன்னும் போகத்தான் போகிறது.

நேற்று வரிசையில் முணுமுணுப்பு.
மேகம் வேறு கறுத்திருந்தது.
பாமணிக்காரர்தான் முன்னால் வந்தார்.
"வேலைய நிறுத்தறதுக்கு
இன்னிக்கு என்னம்மா சாக்கு?"

பசிக்குதுங்க, என்றேன்.