வெட்டுமரம்

ஐப்பசிக் காற்று தள்ளிய கற்பூர மரம்
தேயிலைக்கு நடுவே நாலு நாள் கிடந்தது.
ஐந்தாம் நாள் சிவனம்மா கோடாலியோடு போனாள்.
பதினேழு துண்டு.
லயத்துச் சுவரோரம் அடுக்கி முடித்தபோது
வனவர் பெள்ளிராஜ் வந்து
ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எண் போட்டார்.

விதியின் வாசகம் நான்கே சொல்:
அனுமதியின்றி வெட்டுமரம் வைத்திருத்தல் குற்றம்.
கோத்தகிரி நடுவர் மன்றத்தில்
பதினான்கு மாதம் அதையே தட்டச்சு செய்தேன்.

வெட்டினாள், மரம், வைத்திருந்தாள்,
இதில் என்ன சந்தேகம் என்றார் அரசு வக்கீல்.
மஃப்ளரைக் கழற்றாமலே எழுந்தார் ஜோகி வக்கீல்:
"விழுந்த பிறகு அது விறகு."
"விறகும் மரம்தானே?"
"அப்படியானால் இந்தக் கூண்டும் மரம்.
கனம் நடுவர் அமர்ந்திருப்பதும் மரம்.
அனுமதிச் சீட்டு எங்கே?"
பெஞ்ச் கிளார்க் மட்டும் சிரித்தார்.
நடுவர் தன் நாற்காலியின் கையைத்
தடவிப் பார்த்துக்கொண்டார்.

நடுவர் கனகவல்லிக்குத் திருவாடானைப் பக்கம்.
அங்கே மரமென்றால் சீமைக் கருவேலம்,
வெட்டு வெட்டு என்று அதிகாரிகளே துரத்துவது.
இங்கே சன்னலுக்கு வெளியே
நிற்பது மரமா ஆளா என்று
பதினோரு மணிக்கும் மூட்டம் சொல்ல மறுத்தது.

மதியம் என் டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய்.
வாசலில் நின்று கேட்டார்:
"இது ஊறின காயா, ஊறுகிற காயா,
இனிமேல் ஊறப்போகிற காயா?"
பள்ளிக்கூடத்து வினைத்தொகை.
மூன்று காலமும் ஒரே சொல்லுக்குள்
வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும்.

வெட்டிய மரம் என்றால் சிவனம்மா உள்ளே.
வெட்டுகிற மரம் என்றால்
கோடாலி மேலே போகும்போதே பிடித்திருக்க வேண்டும்.
வெட்டும் மரம் என்றால்
வேலியோரம் ஒரு மரம் நிற்கிற எல்லோரும் உள்ளே:
ஜோகி, பெள்ளிராஜ்,
மன்ற வாசலில் சாய்ந்து நிற்கும்
சைப்ரஸுக்குச் சொந்தக்கார அரசு.

"எழுதினவர் மின்விசிறிக்குக் கீழே இருந்திருப்பார்,
காற்று மரம் சாய்க்கும் என்று தோன்றியிருக்காது"
என்றார் நடுவர்.
"அவர் விட்டதை நான் நிரப்பக் கூடாது."
கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தார்.
"நிரப்பாமல் படிக்கவும் வரவில்லையே."

மலை மொட்டையாகக் கூடாது என்பதே விதியின் நோக்கம்
என்று ஒரு வரி சொன்னார்.
பிறகு, "அதை அடி" என்றார்.
டைப் அடிப்பதா, அடித்துவிடுவதா?
நான் கேட்கவில்லை. அடித்தேன்.
தீர்ப்பில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

காற்று தள்ளும், வெட்டாது.
தள்ளியதைத் துண்டாக்கியதால்
அது வெட்டுமரம் ஆகிவிடாது.
ஒரு சொல் மூன்று காலம் காட்டினால்
அவற்றில் கடுமையானதைத் தேர்ந்து
ஒருத்தியைச் சிறைக்கு அனுப்ப
இம்மன்றத்துக்கு மனமில்லை
(மனமில்லை, பின்னர் முகாந்திரமில்லை என்று ஆனது).
விடுதலை.
கைப்பற்றிய மரத்தை உரியவரிடம் ஒப்படைக்க.

சான்றுப் பொருள் ஒன்று
மன்றத்துப் பின்கட்டில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது.
இரண்டு மார்கழி.
புல்லெல்லாம் உப்புப் பூத்தது போல் வெளுக்கும் காலைகளில்
பெஞ்ச் கிளார்க் ஒரு கணப்புச் சட்டி மூட்டுவார்.
எதை எரிக்கிறோம் என்று தெரிந்தேதான்
நானும் கை நீட்டினேன்.

ஆணையில் இருப்பது "மரத்தை".
பதினேழும் மரம், பதினொன்றும் மரம்.
எங்கள் மொழி அதில் தாராளம்.
எழுத்துப்படி எந்தப் பிழையும் இல்லை.

சிவனம்மா சுண்ணாம்பு எண்களை நம்பவில்லை.
விரல் கணுவில் எண்ணினாள்.
பதினொன்றில் கட்டைவிரல் நின்றது.
முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்து,
"குளிர் விட்டுப்போச்சு போல" என்றாள்.

எந்தப் பொருளில் சொன்னாள் என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.
ரசீதில் கைநாட்டுக்கு
மைப்பெட்டியை நகர்த்தினேன்.